வைத்தியரும் குமாஸ்தாவும்

பழைய புத்தகங்களில் மோகம் கொண்ட நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. வாங்குகிற வசதி கிடையாது; ஆசைக்கு மட்டும் குறைவில்லை. சில மாதங்களுக்கு முன் அவர் ஏலப் பட்டியல் ஒன்றைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். கடற்பயணம், விஞ்ஞானம், கடல் கடந்த வாணிபம் ஆகிய துறைகளில் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் அச்சான அரிய நூல்களின் பட்டியல். ஒவ்வொரு நூலுக்கும் அரைப்பக்க வர்ணனை இருந்தது. எந்த மிருகத்தின் தோலில் அட்டை கட்டியிருக்கிறது, எத்தனை படங்கள், எத்தனை மடிப்பு வரைபடங்கள், எந்தப் பக்கத்தின் ஓரத்தைப் பூச்சி அரித்திருக்கிறது என்று ஒன்று விடாமல் எழுதியிருந்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது, படிக்க எப்படி இருக்கும் என்பதைப் பற்றி மாத்திரம் ஒரு வார்த்தை இல்லை. பெண் பார்க்கப் போனவர்கள் நகையை எண்ணிக்கொண்டு திரும்பிய கதைதான்.

"இதில் நம் தேசத்தோடு சம்பந்தப்பட்டவை இரண்டு இருக்கின்றன. இரண்டும் கோவாவில் விளைந்தவை. ஒன்று கார்சியா ட ஓர்த்தா என்ற வைத்தியர் எழுதியது. மற்றொன்று லின்ஷோட்டன் என்ற குமாஸ்தா எழுதியது. நீங்கள் கதை எழுதுகிறவர். எது உசத்தி, சொல்லுங்கள் பார்ப்போம்" என்றார் நண்பர். பதிலுக்குக் காத்திராமல் அவரே தீர்ப்பையும் சொல்லிவிட்டார்: "லின்ஷோட்டன்தான். எவ்வளவு படங்கள்! எவ்வளவு வரைபடங்கள்! ஒரு சாம்ராஜ்யத்தையே அசைத்த புத்தகம் ஐயா அது!"

அவருக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. இரண்டையும் படித்துவிட்டுச் சொல்வதாகத் தப்பித்துக்கொண்டேன். படிப்பதற்கு ஏலத்தில் எடுக்க வேண்டிய அவசியம் இல்லை. ஓர்த்தாவின் புத்தகத்தை ஸர் கிளெமென்ட்ஸ் மார்க்கம் 1913-ல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருக்கிறார். லின்ஷோட்டனின் பழைய ஆங்கிலப் பதிப்பு 1885-ல் இரண்டு பாகங்களாக மறுபடி அச்சாயிற்று. அதன் முதல் பாகத்தைப் பதிப்பித்தவர் ஏ. ஸி. பர்னெல். தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்துகொண்டே அரண்மனை நூலகத்து வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தாரே, அவரேதான். அந்தப் பதிப்பு வெளிவருமுன் 1882-ல் அவர் காலமாகிவிட்டார். இரண்டாம் பாகத்தை டீலே என்ற டச்சுக்காரர் முடித்தார். மூல மொழியின் சுவை எனக்கு எட்டாதது. ஆயினும், ஒரு புத்தகம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, அதற்குள் மனிதர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்பதை மொழிபெயர்ப்பிலும் கண்டுகொள்ளலாம். என் அபிப்பிராயம் நண்பருடையதற்கு நேர் விரோதமாகப் போய்விட்டது. அதை விளக்கவே இந்தக் கட்டுரை.

முதலில் வைத்தியர். கார்சியா ட ஓர்த்தா 1501-ஐ ஒட்டிப் போர்ச்சுகலின் எல்லையோர ஊரான காஸ்டெலோ ட வீடில் பிறந்தவர். பெற்றோர் யூதர்கள். 1492-ல் ஸ்பெயினை விட்டு விரட்டப்பட்டுப் போர்ச்சுகலுக்கு வந்து, அங்கே 1497-ல் கட்டாயமாக ஞானஸ்நானம் செய்விக்கப்பட்டவர்கள். மகன் ஸாலமான்காவிலும் அல்கலாவிலும் வைத்தியம் படித்தார். லிஸ்பன் சர்வகலாசாலையில் போதித்தார். 1534-ல் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தார். அப்புறம் திரும்பிப் போகவே இல்லை. கோவாவில் கவர்னர்களுக்கு வைத்தியம் செய்தார்; அகமத்நகர் நிஜாம் ஷாவின் அரண்மனைக்குப் போய் வந்தார்; மருந்துச் சரக்கிலும் ரத்தினங்களிலும் வியாபாரம் செய்தார்; அந்நாளில் சின்னத் தீவாக இருந்த பம்பாயைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். கோவாவுக்கு அச்சு யந்திரம் வந்தது 1556-ல். ஏழு வருஷம் கழித்து, 1563-ல், அதே ஊரில் தம் புத்தகத்தை அச்சிட்டார். இந்தியாவின் மருந்துகளையும் மூலிகைகளையும் பற்றிய சம்பாஷணைகள் என்பது அதன் பெயர். அச்சுப் பிழைகளுக்கு அது பேர்போனது. பிழைதிருத்தப் பட்டியலே பக்கம் பக்கமாக நீளும். அந்தப் பிழைகளின் நடுவே, முகப்பில், ராஜப்பிரதிநிதிக்கு ஒரு பாட்டு இருக்கிறது. எழுதியவர் கமோயின்ஸ். போர்ச்சுகலின் மகாகவியான அவருடைய கவிதை முதன்முதல் அச்சேறியது இந்த மருந்துப் புத்தகத்தில்தான்.

புத்தகத்தின் அமைப்பைச் சொல்ல வேண்டும். அடிப்படையில் இது ஓர் அகராதி. கற்றாழைப் பாலில் ஆரம்பித்து, சரக்குகளின் பெயரை அநேகமாக அகர வரிசையில் வைத்து, ஒன்றொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறது. அகராதியை யார் உட்கார்ந்து படிப்பார்கள்? ஓர்த்தா ஒரு காரியம் செய்தார். ஸ்பெயினிலிருந்து ருவானோ என்ற வைத்தியர் கப்பலில் வந்திறங்கித் தம் வீட்டில் தங்குவதாக ஒரு கற்பனை செய்துகொண்டார். ருவானோ கேட்கிறார், ஓர்த்தா சொல்கிறார். ஐம்பதுக்கு மேற்பட்ட சம்பாஷணைகள் இப்படியே நடக்கின்றன. உபாயம் பழையதுதான். கேள்வி பதிலாகச் சாஸ்திரம் சொல்லுவது நமக்கும் புதிதல்ல. ஆனால், நம் பழைய கிரந்தங்களில் சிஷ்யர் கேள்வி கேட்டதும் மறைந்துவிடுவார்; குரு நூறு சுலோகம் சொல்லி முடிக்கும்வரை அவருக்குப் பசிக்காது, வாசலில் யாரும் வந்து கதவைத் தட்டவும் மாட்டார்கள். ஓர்த்தாவின் வீட்டில் தட்டுகிறார்கள். அதுதான் வித்தியாசம்.

அகர வரிசை ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று பம்பாயிலிருந்து குத்தகைக்காரர் மாம்பழக் கூடையோடு வந்து நிற்பார். பேசிக்கொண்டிருந்ததை அப்படியே நிறுத்திவிட்டு இருவரும் மாம்பழத்துக்குத் தாவிவிடுவார்கள். பழத்தின் குணம், ருசி, ஊறுகாய் போடும் விதம், பம்பாயில் தமக்கு இருக்கும் மரம் வருஷத்துக்கு இரண்டு தரம் காய்க்கும் பெருமை எல்லாம் வந்துவிடும். குத்தகை விட்ட மிராசுதார்களை நாம் பார்த்திருக்கிறோம். தம் தோப்பு மாமரத்தைப் பற்றிப் பேசும்போது அவர்கள் முகத்தில் ஒரு களை வரும். நானூற்றறுபது வருஷத்துக்கு முந்திய அந்தப் போர்த்துகீசிய வைத்தியர் முகத்தில் அதே களையைப் பார்த்தேன்.

காலரா பற்றிய சம்பாஷணை அதைவிட உசத்தி. ஆசிய காலராவை ஓர் ஐரோப்பியர் நேரில் கண்டு எழுதிய மிகப் பழைய வர்ணனைகளில் இது ஒன்று என்று வைத்திய சரித்திரக்காரர்கள் இதைக் கொண்டாடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. வேறொரு சரக்கைப் பற்றிச் சாவதானமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது ஆள் ஓடிவருகிறான், ஒரு பிரபுவின் சகோதரருக்கு உடம்பு சரியில்லையென்று. வைத்தியர் பேச்சை அந்தரத்தில் விட்டுவிட்டு எழுந்து போகிறார். விருந்தாளியும் கூடப் போகிறார். அப்புறம்தான் நோயின் விவரம் வருகிறது: ஒடுங்கிப்போன நாடி, உள்வாங்கிய கண்கள், கால்களை இழுக்கும் வலிப்பு, பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் ஆளை முடித்துவிடுகிற வேகம். முதலில் நோயாளியைப் பார்க்கிறோம். பிறகு நோயைத் தெரிந்துகொள்கிறோம். கதை எழுதுகிறவன் பல வருஷம் கெட்டு அலைந்து கற்றுக்கொள்கிற பாடத்தை இந்த மனிதர் நோயாளி வீட்டு வாசற்படியிலேயே கற்றிருக்கிறார்.

ருவானோ யார்? அப்படி ஒருவர் வரவே இல்லை. அவர் கற்பனை. இந்தியாவுக்கு வருமுன் இருந்த ஓர்த்தாவே அவர் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். எனக்கும் அது சரியென்றே படுகிறது. அவர் வாயைத் திறந்தால் காலென், டயாஸ்கரிடிஸ், பிளினி என்று பழைய ஆசாரியர்களின் பெயர்கள் வருகின்றன. பெரியவர்கள் எழுதி வைத்ததற்கு விரோதமாக எப்படிச் சொல்லலாம் என்று அங்கலாய்க்கிறார். கண்ணால் பார்த்த தமக்கு எழுதினவர்களைப் பற்றிப் பயமில்லை என்பது இந்த ஓர்த்தாவின் பதில். ஸ்பெயினில் இருந்திருந்தால் தமக்கும் இந்தத் தைரியம் வந்திராது என்று ஒப்புக்கொள்ளவும் செய்கிறார். அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு நாவல் அடங்கியிருக்கிறது. தூரதேசம் மனிதனுக்குப் பொருள் தரும், வியாதி தரும். சில சமயம் சொந்தப் புத்தியையும் தரும்.

குறைகள் இல்லாமல் இல்லை. ருவானோ மிகவும் சாது. ஒரு தடவையாவது வீட்டுக்காரரைத் திணற அடித்திருக்கலாம். இரண்டு கேள்வியில் சரணாகதி அடைந்துவிடுகிறார். வெறும் தலையாட்டியை எதிரே உட்கார வைத்துக்கொண்டால் வாதத்தின் சூடு ஆறிப்போகும். பார்த்ததைத்தான் சொல்வேன் என்று சபதம் செய்கிறவர், பார்க்காததையும் சில இடங்களில் அடித்துப் பேசுகிறார். கறுப்பு மிளகும் வெள்ளை மிளகும் வேறு வேறு கொடியில் காய்ப்பவை என்று சாதிப்பது ஓர் உதாரணம். மலையாளத்தில் எந்தத் தோட்டக்காரனைக் கேட்டிருந்தாலும் சிரித்துக்கொண்டே திருத்தியிருப்பான். ஒரே கொடிதான், பழுக்கவிட்டுத் தோலைப் போக்கினால் வெள்ளை மிளகு.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அதைக் குறையென்று சொல்வதா, புத்தகம் தன்னையறியாமல் காட்டிக்கொடுத்த உண்மை என்று சொல்வதா, தெரியவில்லை. அந்த வீட்டில் அந்தோனியா என்று ஓர் அடிமைப் பெண் இருக்கிறாள். அவளைக் கூப்பிட்டு, இந்தச் செடியைக் கொண்டு வா, அந்தப் பழத்தைக் கொண்டு வா என்கிறார் எஜமான். அவள் கொண்டுவந்து வைக்கிறாள், ஒன்றிரண்டு வார்த்தை சொல்கிறாள், போய்விடுகிறாள். எந்தச் செடி எங்கே முளைக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரியாவிட்டால் எப்படிக் கொண்டுவர முடியும்? ஸாலமான்காவில் படித்த இரண்டு பேர் அந்தச் செடியைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். பறித்துவந்தவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அவளுக்கு ஒரு பெயர் கொடுத்துப் புத்தகத்துக்குள் நடமாட விட்டாரே, அதற்காக ஓர்த்தாவுக்கு நன்றி சொல்ல வேண்டும். வேறு யாராவது எழுதியிருந்தால் செடி தானாகவே மேஜைக்கு வந்திருக்கும்.

எல்லாவற்றையும் பேசுகிற இந்தப் புத்தகம் ஒரே ஒரு விஷயத்தைப் பேசவில்லை: தம் பிறப்பு. கோவாவில் மத விசாரணை மன்றம் 1560-ல் ஏற்பட்டது. மூன்று வருஷம் கழித்துப் புத்தகம். வெளிப்பார்வைக்கு அது பக்தியுள்ள கிறிஸ்தவர் எழுதியது. 1568-ல் ஓர்த்தா இறந்தார். அடுத்த வருஷமே அவருடைய சகோதரி கதரீனாவை, ரகசியமாக யூத மதத்தைக் கைக்கொண்ட குற்றத்துக்காக, உயிரோடு எரித்தார்கள். 1580-ல் ஓர்த்தாவின் எலும்புகளைக் கல்லறையிலிருந்து தோண்டி எடுத்து எரித்தார்கள். இதைத் தெரிந்துகொண்டு மறுபடி சம்பாஷணைகளைப் படித்தால் பக்கங்கள் வேறு மாதிரி இருக்கின்றன. காலெனை மறுக்கும் குரல் ஏன் இவ்வளவு உரக்க இருக்கிறது என்று புரிகிறது. வாய்விட்டு மறுக்க முடியாத வேறொன்று அந்த மனிதரின் மனத்தில் இருந்திருக்க வேண்டும். மருந்தைப் பற்றியாவது மனத்தில் பட்டதைச் சொல்லித் தீர்த்துக்கொண்டார் என்று நினைக்கத் தோன்றுகிறது. இது என் ஊகம்தான். கதை எழுதுகிறவனுக்கு இந்த அளவு ஊகம் அனுமதிக்கப்படலாம்.

புத்தகத்துக்கு நேர்ந்ததும் ஒரு விதத்தில் அதே கதிதான். 1564-ல் க்ளூஸியஸ் என்ற பெரிய தாவர சாஸ்திரி ஐபீரியாவில் பிரயாணம் செய்தபோது இது அவர் கையில் அகப்பட்டது. 1567-ல் ஆண்ட்வர்ப்பில் லத்தீனில் சுருக்கி வெளியிட்டார். ஐரோப்பிய பண்டிதர்கள் படித்ததெல்லாம் அந்தச் சுருக்கத்தையே. அது பல பதிப்புக்கள் ஓடியது. க்ளூஸியஸ் என்ன செய்தார்? சம்பாஷணையை எடுத்துவிட்டார். ருவானோ போனார், அந்தோனியா போனாள், மாம்பழக் கூடையும், வாசலில் ஓடிவந்த ஆளும் போனார்கள். சரக்கு, அதன் பெயர், அதன் குணம் மட்டும் மிஞ்சின. விஞ்ஞானத்துக்கு அது போதும். அவர் செய்தது தவறென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மூலப் புத்தகத்தை மறுபடி அச்சிட ஐரோப்பா 1872-ம் வருஷம் வரையில் காத்திருந்தது. பிறகு அதற்கு நல்ல பதிப்பொன்றை விரிவான குறிப்புகளோடு 1890-களில் கொண்டுவந்தவர் ஃபிகால்யோ பிரபு. அவர் தாவர சாஸ்திரி மட்டும் அல்ல, கதைகளும் எழுதியவர். இது தற்செயல் என்று நான் நம்பத் தயாரில்லை.

இனி குமாஸ்தா. யான் ஹய்கன் வான் லின்ஷோட்டன் டச்சுக்காரர். 1563-ஐ ஒட்டிப் பிறந்தவர், அதாவது ஓர்த்தாவின் புத்தகத்துக்கு ஏறக்குறைய ஒத்த வயது. இளம் பிராயத்தில் ஸ்பெயினுக்குப் போய், அண்ணனின் உதவியால் கோவா ஆர்ச்பிஷப்பின் பரிவாரத்தில் குமாஸ்தாவாக அமர்ந்து, 1583-ல் கோவாவுக்கு வந்தார். ஓர்த்தாவின் எலும்புகளை எரித்து அப்போது மூன்றே வருஷம். ஐந்து வருஷத்துக்கு மேல் அங்கே இருந்தார். ஆர்ச்பிஷப் ஊருக்குப் போகும் வழியில் கப்பலிலேயே இறந்துவிட்டார் என்ற செய்தி வந்ததும், இனி இங்கே நமக்கு என்ன என்று புறப்பட்டு, நடுவழியில் அஸோர்ஸ் தீவுகளில் இரண்டு வருஷத்துக்கு மேல் சிக்கிக்கொண்டு, 1592-ல் தம் ஊரான எங்க்ஹய்ஸன் சேர்ந்தார்.

வெறுங்கையோடு சேரவில்லை. எந்த மாதத்தில் எந்தக் காற்று, எந்த முனையை எவ்வளவு தூரத்தில் விட்டுச் செல்ல வேண்டும், எங்கே பாறை, எங்கே ஆழம் என்று போர்த்துகீசிய மாலுமிகள் எழுதி வைத்திருந்த வழிக்குறிப்புகள், அந்நியர் கண்ணில் படாமல் காக்கப்பட்டவை, அவர் பெட்டியில் பிரதிகளாக இருந்தன. அவற்றை 1595-லும், தம் பிரயாண நூலான இடினராரியோவை 1596-லும் ஆம்ஸ்டர்டாமில் கார்னெலிஸ் க்ளாஸ் பிரசுரித்தார். 1598-ல் ஆங்கிலத்திலும் ஜெர்மனியிலும் வந்தது; மறுவருஷம் லத்தீனில். போர்த்துகீசியர் ஜாவாவுக்கு அதிகம் போவதில்லை, ஆகவே அங்கே தடையின்றி வியாபாரம் செய்யலாம் என்று அதில் ஒரு யோசனை இருக்கிறது. ஹௌட்மன் தலைமையில் 1595-ல் புறப்பட்ட நான்கு டச்சுக் கப்பல்கள் அந்த வழிக்குறிப்புகளைத் துணை கொண்டு, சுந்தா ஜலசந்தி வழியாக ஜாவாவின் பாண்டம் துறைமுகத்தை அடைந்தன. 1597-ல் திரும்பியவை மூன்று. புறப்பட்ட சுமார் 250 பேரில் திரும்பியவர்கள் 90-க்கும் குறைவு. இருந்தாலும் வழி திறந்துவிட்டது. ஆங்கிலேயக் கம்பெனி 1600-லும் டச்சுக் கம்பெனி 1602-லும் பிறந்தன. நம் நாகப்பட்டினத்தைப் போர்த்துகீசியரிடமிருந்து டச்சுக்காரர்கள் பிடுங்கிக்கொண்டது 1658-ல். இவ்வளவுக்கும் ஒரு புத்தகம்தான் காரணம் என்பது மிகை. ஆனால் என் நண்பர் சொன்னது பொய்யுமல்ல. அது சாம்ராஜ்யத்தை அசைத்த புத்தகம்தான்.

அதை நல்ல புத்தகம் என்று ஒப்புக்கொள்ளத்தான் எனக்குத் தயக்கம். லின்ஷோட்டனின் கண் கூர்மையானது. கோவாவின் கடைத்தெரு ஏலம், குடை பிடிக்க ஆள் வைத்துக்கொண்டு நடக்கும் போர்த்துகீசிய மிடுக்கு, வீட்டுக்குள் அடைபட்ட பெண்கள், பனியாக்களின் கணக்கு சாமர்த்தியம், உடன்கட்டை ஏறும் கொடுமை என்று எதையும் விடுவதில்லை. அவர் வரைந்த படங்களைச் செதுக்கி முப்பத்தாறு தகடுகளில் அச்சிட்டார்கள். இன்று ஏலத்தில் விலை ஏறுவது அவற்றுக்குத்தான். ஆனால் அத்தியாயம் அத்தியாயமாகப் படித்துக்கொண்டு போகையில் எனக்கு ஒரு சங்கடம் வளர்ந்தது. கோட்டையில் காவல் எப்படி, அதிகாரிகள் எவ்வளவு லஞ்சம் வாங்குகிறார்கள், மிளகு எங்கே எந்த விலை, எந்தத் துறைமுகத்தில் யாருக்கு யாருடன் பகை என்று அவர் சொல்லும் தொனியில் ஒரு ஒற்றுமை இருக்கிறது. காவல்காரன் தூங்குகிற கடைக்குள் நுழைந்துவிட்டு வந்தவன், வெளியில் நிற்கிற கூட்டாளிகளுக்குச் சொல்லுகிற தொனி அது. கடைக்குள் இருந்த மனிதர்கள் சரக்குகளோடு சேர்ந்த சரக்கு ஆகிவிடுகிறார்கள்.

உப்பைத் தின்றவர் செய்யலாமா என்று நியாயம் கேட்க நான் வரவில்லை. போர்த்துகீசியருக்கு அந்தக் கடல் என்ன, பிதுரார்ஜித சொத்தா? ரகசியத்தை வெளியிட்டது குற்றமென்றும் தோன்றவில்லை. அறிவு பூட்டி வைப்பதற்கல்ல. என் கேள்வி வேறு. ஐந்து வருஷம் ஒரு வீட்டில் சாப்பிட்டவர், அந்த ஆர்ச்பிஷப்பைப் பற்றி நமக்கு ஒரு முகத்தையாவது காட்டினாரா? பதவியும் பெயரும் தெரிகின்றன. அவர் செத்த செய்தி வந்தபோது வருந்தியதாகவும் எழுதுகிறார். ஆனால் அவர் எப்படிப் பேசுவார், எதற்குக் கோபிப்பார் என்று தெரியவில்லை. பிரதி எடுப்பவரின் கை ஓடிய அளவு மனம் ஓடவில்லை.

இரண்டு புத்தகங்களிலும் வருகிற ஒரே பொருளை எடுத்துக்கொண்டால் விஷயம் தெளிவாகும். ஊமத்தை. ஓர்த்தாவின் புத்தகத்தில், ஒரு வீட்டில் வேலைக்காரி எஜமானிக்கு உணவில் ஊமத்தையைக் கலந்து கொடுத்து, சாவியையும் நகைகளையும் எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறாள். வைத்தியரைக் கூப்பிடுகிறார்கள். அந்த அம்மாள் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் சிரித்துக்கொண்டே இருக்கிறாள். வீட்டில் களவு போயிருக்கிறது, வீட்டுக்காரி சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பை நான் மறக்க முடியவில்லை. லின்ஷோட்டனின் புத்தகத்தில், கோவாப் பெண்கள் கணவன்மாருக்கு ஊமத்தையைக் கொடுத்து மதிமயங்கச் செய்துவிட்டுக் கள்ளக் காதலர்களைச் சந்திக்கிறார்கள். எந்தப் பெண்? எந்தக் கணவன்? ஒருவரும் இல்லை. எல்லாப் பெண்களும், எல்லாக் கணவன்மாரும். முன்னது நடந்த சம்பவம், பின்னது கிளப்பில் கேட்ட வம்பு. உலகம் முழுவதும் திருப்பித் திருப்பிச் சொன்னது வம்பைத்தான் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு வேடிக்கை. இடினராரியோவில் செடிகொடிகளையும் மருந்துகளையும் பற்றிய அத்தியாயங்களில் எங்க்ஹய்ஸன் வைத்தியர் பலுடானஸ் என்பவர் தம் குறிப்புகளைச் சேர்த்திருக்கிறார். அந்தப் பகுதிகளில் உள்ள சரக்கில் பெரும்பங்கு க்ளூஸியஸின் லத்தீன் சுருக்கம் வழியாக ஓர்த்தாவிடமிருந்து வந்தது. எரித்துச் சாம்பலாக்கப்பட்ட வைத்தியரின் அறிவு, குமாஸ்தாவின் புத்தகத்தில் ஏறி உலகம் சுற்றியது. மாம்பழம் போய்ச் சேர்ந்தது. கூடை கொண்டுவந்தவர்தான் வழியில் இறங்கிவிட்டார்.

லின்ஷோட்டனுக்கு அநியாயம் செய்யக்கூடாது. அவர் புத்தகத்தில் உண்மையான இலக்கியம் என்று நான் கருதும் பகுதி ஒன்று இருக்கிறது. அது இந்தியாவைப் பற்றியதல்ல. ஊர் திரும்பும் வழியில் அஸோர்ஸில், தெர்ஸெய்ரா தீவில், அவர் மாட்டிக்கொண்ட காலத்தைச் சொல்லும் அத்தியாயங்கள். வெளியே இங்கிலீஷ்காரர்களின் கப்பல்கள் கழுகு போல் வட்டமிடுகின்றன. உள்ளே, மூழ்கிய கப்பலிலிருந்து மீட்ட மிளகை வைத்துக்கொண்டு இவர் நாள் எண்ணுகிறார். 1591-ல் அந்தத் தீவுகளின் அருகே 'ரிவெஞ்' என்ற ஒற்றை இங்கிலீஷ் கப்பல் ஒரு ஸ்பானியக் கடற்படையையே எதிர்த்து நின்ற யுத்தம் நடந்தது. அதன் தலைவர் கிரென்வில் மது குடித்துவிட்டுக் கண்ணாடிக் கிண்ணத்தைப் பல்லால் கடித்து நொறுக்கி விழுங்குவார் என்ற விவரத்தை நமக்குக் கொடுத்தவர் இந்தக் குமாஸ்தாதான். யுத்தத்துக்குப் பின் வந்த புயலையும், உடைந்த கப்பல்களையும், நாட்கணக்காகக் கரை ஒதுங்கிய பிணங்களையும் அவர் சொல்லும் இடத்தில் விலைப் பட்டியல் மறந்துபோகிறது. பிரதி எடுக்க அங்கே குறிப்புகள் இல்லை. எதிர்பார்க்க ஆதாயமும் இல்லை. காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லாத மனிதர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தது எழுத்தாக வந்துவிட்டது.

இதைச் சொல்லும்போது நம்மவர்களின் நினைவும் வருகிறது. இன்று நம் பத்திரிகைகளில் பிரயாணக் கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை. எந்த விமானத்தில் ஏறினோம், எந்த ஹோட்டலில் தங்கினோம், கோபுரத்தின் உயரம் என்ன, காப்பி என்ன விலை என்று எல்லாம் வருகிறது. லின்ஷோட்டனிடமாவது ஒரு பயன் இருந்தது. நாளைக்குக் கப்பல் ஓட்டுகிறவனுக்கு உதவும். நம்முடையதில் அதுவும் இல்லை. போன ஊரில் ஒருவர் வீட்டிலாவது நாம் பேசிக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டதா, பேச்சை விட்டு எழுந்து போனோமா என்று கேட்டுக்கொண்டால், முக்கால்வாசிக் கட்டுரைகளை எழுதாமலே விட்டுவிடலாம். இந்தக் குற்றச்சாட்டில் என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தகவல் முக்கியமில்லை என்று நான் வாதிப்பதாக எண்ண வேண்டாம். ஓர்த்தாவிடம் உள்ள தகவல் லின்ஷோட்டனிடம் உள்ளதற்குக் குறைந்ததல்ல. ஆனால் அவர் அதைத் தெரிந்துகொண்ட விதத்தையும் கூடவே தருகிறார்: யார் கொண்டுவந்தார்கள், யார் சொன்னார்கள், தாம் எப்போது நம்பவில்லை, எப்போது நம்பினார் என்பதை. லின்ஷோட்டன் தருவது முடிவை மட்டும். முடிவுகள் பழசாகிவிடும். அந்தக் கடல் வழிக்குறிப்பை வைத்துக்கொண்டு இன்று யாரும் கப்பல் ஓட்டப் போவதில்லை. ஓர்த்தாவின் மருந்தை வைத்துக்கொண்டு காலராவைக் குணப்படுத்தவும் முடியாது. ஆனால் நோயாளி வீட்டுக்கு எழுந்து போகிற அந்த இரண்டு பேரின் காலடிச் சப்தம் பழசாகவில்லை.

சென்ற வாரம் நண்பர் வந்தார். என் தீர்ப்பைச் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "நீங்கள் கதைக்காரர், உங்களுக்கு மாம்பழக் கூடைதான் தெரியும், தேசப்படம் தெரியாது" என்றார். சரி என்று விட்டுவிட்டேன். போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: "அந்த அந்தோனியா என்று ஒருத்தி சொன்னீர்களே, அவள் கடைசியில் என்ன ஆனாள்?"

லின்ஷோட்டனின் புத்தகத்தில் வருகிற யாரைப் பற்றியும் அவர் அப்படிக் கேட்கவில்லை.